மீன் ஆப், சிவப்பு நாடா, மான் கவிழ்க்கும் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

பாவிப்பவரின் தேவை, பழக்கம், மனப்போக்கு ஆகியவற்றுக்கு ஏற்றபடி பொருட்களை வடிவமைப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்தவற்றில் சில இவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம்.

திருமலை நகருக்குள் மீனை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க நண்பர்கள் சேர்ந்து ஒரு ஆப் செய்தோம். சொந்தக்காரர், அயலவர் என்று நிறையப் பேருக்குக் காட்டினோம். எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். வெளியிட்ட பிறகு ஓடர் விழவே இல்லை. எங்கே பிழை? (ஸ்கிரீன்ஷொட்களும் அனுப்பியிருக்கிறேன்.)
— மாணவர், உவர்மலை

தம்பி, அந்த "நல்லா இருக்கு" உங்கள் முகத்துக்காகச் சொன்னது. அயல்வீட்டுப் பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்ததை நேருக்கு நேர் குறைசொல்ல நம்மூரில் யாருக்கு மனம் வரும்? "இப்படி ஒரு ஆப் இருந்தால் பாவிப்பீங்களா?" என்று கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஓம் சொல்லக் காசு செலவில்லை. ஆகவே அபிப்பிராயம் கேட்பதை விடுங்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

வீட்டில் மீன் வாங்கும் பொறுப்பு யாருடையதோ அவர்களில் 5 பேரைத் தேடிப் பிடியுங்கள். நண்பர்களின் அம்மாமார் வேண்டாம். உங்கள் போனைக் கொடுக்காமல் அவரவர் போனிலேயே செய்ய விடுங்கள். கீறல் விழுந்த கண்ணாடி, குறைத்து வைத்த வெளிச்சம், பெரிதாக்கிய எழுத்து எல்லாம் அப்படியே இருக்கட்டும். "சோதிக்கிறது ஆப்பைத்தான், உங்களை இல்லை. எங்கேயாவது தடக்குப்பட்டால் அது எங்கட பிழை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு, "நாளைக்கு மத்தியானம் நாலு பேருக்குக் குழம்பு வைக்க மீன் எடுக்க வேணும். எடுங்கோ பாப்பம்" என்பதோடு நிறுத்துங்கள். பொத்தானில் 'கூடையில் சேர்' என்று எழுதியிருந்தால் கூடை என்ற சொல் உங்கள் வாயில் வரக்கூடாது. வந்தால் அவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடிப்பிடித்து அழுத்திவிடுவார், வழி விளங்கி அழுத்தினாரா என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

ஒருவர் பேச, மற்றவர் எழுத வேண்டும். முதல் விரல் எங்கே பட்டது, எந்த இடத்தில் நின்றார், எப்போது பின்னால் போனார், என்ன முணுமுணுத்தார் என்ற நான்கும் போதும். அவர் திணறும்போது உதவிக்குப் பாயாமல் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். சோதனையில் மிகக் கஷ்டமான வேலை இதுதான். செய்தவனுக்கு வாய் சும்மா இருக்காது.

5 பேர் போதுமா என்று கேட்பீர்கள். பாவனைச் சோதனை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லண்டவரும் 1993 இல் போட்ட கணக்கு இது: ஒருவர் சராசரியாக 31 வீதமான குறைகளை வெளிக்கொண்டு வருகிறார் என்றால், 5 பேரோடு ஏறக்குறைய 85 வீதம் வெளியே வந்துவிடும். அதனால் ஒரேயடியாக 15 பேரைச் சோதிப்பதைவிட, 5 பேர், திருத்தம், மறுபடி 5 பேர் என்று போவது மேல். ஆனால் இது ஒரே வகைப் பாவனையாளருக்கான கணக்கு. வாங்குபவர் ஒரு வகை, விற்பவர் இன்னொரு வகை. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முன்னமே ஸ்கிரீன்ஷொட்களில் தெரிகிற சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். முதல் திரையில் கடல் மீன், குளத்து மீன், கருவாடு என்று வகை பிரித்திருக்கிறீர்கள். மீன் கடை வாசலில் யாரும் வகை கேட்பதில்லை. "இண்டைக்கு என்ன மீன்?" என்றுதான் கேட்பார்கள். முதல் திரையே அதற்குப் பதிலாக இருக்கட்டும்: இன்று வந்த பாரை, சீலா, விளைமீன், அன்று காலை எடுத்த படத்தோடு. இரண்டாவது, அளவைக் கிலோவில் மட்டும் கேட்கிறீர்கள். பலர் "ஆயிரம் ரூபாவுக்குத் தாங்கோ" என்று வாங்கிப் பழகியவர்கள், 0.75 என்று தட்டச்சு செய்யச் சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுவார்கள். பணத்தாலும் கேட்க வழி வையுங்கள். செதிள் எடுப்பதா, துண்டு போடுவதா, குழம்புக்கா பொரியலுக்கா என்ற கேள்வியே உங்கள் ஆப்பில் இல்லை. கடையில் அது பாதிப் பேச்சு.

பதிவு செய்ய மின்னஞ்சல் கேட்பதை எடுத்துவிடுங்கள், தொலைபேசி இலக்கம் போதும். 6 இலக்கக் குறியீட்டை எஸ்.எம்.எஸ். இல் பார்த்து, திரும்பி வந்து, நினைவில் வைத்து எழுதச் சொல்வதும் சரியில்லை. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியவை ஏறத்தாழ 4 தான் என்று உளவியலாளர் நெல்சன் கவன் 2001 இல் காட்டினார். குறியீடு தானாக நிரம்பும்படி செய்யலாம், அது உங்களுக்கு அரை நாள் வேலை. வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து கடற்கரை வெயிலில் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும். பொத்தான்கள் 9 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தமிழாக்கியதால் உங்கள் பொத்தான்களில் தமிழ்ச் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளோடு நிற்கின்றன. தமிழ்ச் சொல் நீளம். முதலில் தமிழில் வரைந்துவிட்டுப் பிறகு மற்ற மொழிகளுக்குப் போனால் இந்தத் தொல்லை வராது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை வியாபாரியின் பக்கத்தில் இருக்கிறது. விடியப்புறம் அவர் கையில் தண்ணீரும் செதிளும். ஈர விரலைத் தொடுதிரை ஒழுங்காக ஏற்காது, சொட்டு விழுந்தாலே தானாக எதையோ அழுத்தும். அந்த நேரத்தில் அவர் 7 பெட்டிகள் கொண்ட படிவத்தை நிரப்புவார் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். அவரிடம் ஒரு படமும் வட்சப்பில் ஒரு குரல் பதிவும் மட்டும் வாங்கி, மிச்சத்தை உங்களில் ஒருவர் நிரப்புங்கள். ஓடர் பெருகினால் பிறகு யோசிக்கலாம்.

கடையின் கண்ணாடிக் கதவில் மூன்று மொழியிலும் 'இழுக்கவும்' என்று ஒட்டியும் ஆட்கள் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.
— வாசகர், மத்திய வீதி

வெளிப்பக்கம் தட்டையான தகடு இருக்கிறதா? தகட்டைக் கண்டால் கை தள்ளும், நிமிர்ந்த கைப்பிடியைக் கண்டால் இழுக்கும். கண் எழுத்தைப் படிக்கும் முன் கை முடிவெடுத்துவிடும். இழுக்க வேண்டிய பக்கத்தில் கைப்பிடியும் தள்ள வேண்டிய பக்கத்தில் தகடும் பூட்டுங்கள், ஸ்டிக்கரைக் கழற்றிவிடலாம். இப்படி ஏமாற்றும் கதவுகளை வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நோர்மனின் பெயரால் 'நோர்மன் கதவு' என்றே உலகம் அழைக்கிறது.

எங்கள் வள்ளத்தின் அவுட்போர்ட் எஞ்சினோடு ஒரு சிவப்பு நாடா வந்தது. ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும், விழுந்தால் எஞ்சின் நிற்குமாம். அண்ணன் நாடாவின் நுனியில் உள்ள கிளிப்பை எஞ்சினிலேயே நிரந்தரமாக விட்டு, நாடாவைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். சொன்னால் "நீ ஒருக்கா கடலுக்கு வந்து பார்" என்கிறார்.
— வாசகர், சல்லி

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். வலையைப் பிடிக்க முன்பக்கம் போகும்போது நாடா எட்டாது. கையில் கட்டினால் கயிற்றோடு சிக்கும். தவறுதலாக இழுபட்டு, அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால் அதுவே ஆபத்து. வேலைக்கு இடைஞ்சலான பாதுகாப்பை மனிதர் சுற்றிக்கொண்டு போவார்கள். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுவதும் இந்த வகைதான்.

எஞ்சினைச் செய்தவர்கள் யோசித்தது இப்படி: கிளிப் இல்லாமல் எஞ்சின் இயங்காது, ஆகவே கிளிப்பை மாட்டியே தீர வேண்டும். ஒரு படியை முடிக்காமல் அடுத்த படிக்குப் போக முடியாதபடி கட்டாயப்படுத்துவது நல்ல உத்தி. பல ஏ.டி.எம். இயந்திரங்கள் அட்டையை எடுத்த பிறகே காசைத் தருவதும் அதனால்தான். ஆனால் இங்கே கட்டாயம் எஞ்சினுக்கும் கிளிப்புக்கும் இடையில்தான் இருக்கிறது. மனிதனுக்கும் நாடாவுக்கும் இடையில் எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த ஓட்டையால்தான் அண்ணன் போகிறார். அவர் மட்டுமல்ல, கடலுக்குப் போகும் பலரும் போகிறார்கள்.

அதை ஏன் அடைக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். பிடியை விட்ட எஞ்சின் நேராக ஓடாது. காற்றாடி சுழலும் விசையில் பிடி ஒரு பக்கம் திரும்பி, வள்ளம் வட்டமடித்து விழுந்தவரிடமே திரும்பி வரும், காற்றாடி சுழன்றபடியே.

கிளிப்பின் வீட்டை முதலில் மாற்றுங்கள். கரைக்கு வந்ததும் அது எஞ்சினில் தங்கக்கூடாது. தொடைப் பட்டியிலோ மிதவை அங்கியிலோ நாடாவோடு சேர்ந்தே தொங்கி, ஆளோடு கரையேற வேண்டும். மறுநாள் அதை உடுத்தால்தான் எஞ்சினை இயக்கலாம். அப்போது விடுபட்ட கட்டாயம் தானாக வந்துவிடும். மணிக்கட்டில் கட்டாமல் முழங்காலுக்கு மேல் தொடையில் கட்டினால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். 'எப்போதும் மாட்டு' என்ற சட்டம் கடலில் நிற்காது. எல்லை போட்ட சட்டம் நிற்கும். எஞ்சினை நிறுத்தி வலை இழுக்கும்போது கழற்றலாம். ஓடும்போது, அதுவும் தனியாக, இருட்டில், அலை உடையும் இடத்தில், கழற்றக்கூடாது.

இன்னொரு கிளிப்பை வாங்கி வள்ளத்தில் வையுங்கள். ஓட்டுபவர் நாடாவோடு விழுந்தால், மற்றவர் எஞ்சினை மீண்டும் இயக்கி அவரை எடுக்க அது வேண்டும். ஓட்டுபவரின் கைக்கு எட்டாத முன்பக்கத்தில், நிறமான நூலில் கட்டி வையுங்கள். பின்னால் வைத்தால் அதுவே நாளைக்கு நிரந்தரக் கிளிப்பாகிவிடும். வெயிலில் நாடாவின் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப்போகும், வெடிப்புத் தெரிந்ததும் மாற்றுங்கள். வீட்டில் இருக்கும் நைலோன் கயிற்றை நீளமாகக் கட்டுவது வேண்டாம். நீளம் கூடினால் விழுந்தவர் தூரம் போன பிறகே எஞ்சின் நிற்கும், சிக்கவும் செய்யும். வாரம் ஒருமுறை ஆழமில்லாத இடத்தில் இழுத்துப் பாருங்கள். உப்புப் பிடித்த சுவிச் கிளிப் கழன்றாலும் நிறுத்தாமல் விடலாம், கடலில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. நாடா இல்லாத வயர்லெஸ் வகைகளும் விற்கின்றன. விலை கூட.

மான்கள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து லஞ்ச் சீட்டையும் பொலித்தீனையும் தின்னுகின்றன. கனமான மூடி போட்டுப் பார்த்தோம். இப்போது ஆட்கள் குப்பையைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.
— கடைக்காரர், கோட்டை வாசலுக்குக் கிட்ட

மானைப் பார்த்துச் செய்தீர்கள், மனிதரை மறந்துவிட்டீர்கள். சோறு தின்ற கையால் அழுக்கு மூடியைத் தொட யாரும் விரும்பமாட்டார்கள். பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது அவர்களுக்குச் சுலபமான வழி. காலால் மிதிக்கும் பெடல் வகை இங்கே சரிவராது, உப்புக்காற்றில் சில மாதத்தில் துருப்பிடித்து இறுகிவிடும்.

தொடாமல் போட முடிய வேண்டும், ஆனால் மூக்கு நுழைந்தாலும் உணவுக்கு எட்டக்கூடாது. 200 லீற்றர் நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை எடுத்து, மேல்மூடியை நிரந்தரமாகப் பூட்டுங்கள். வாய் பக்கவாட்டில், மேல்விளிம்புக்குக் கிட்ட, சோற்றுப் பார்சல் நுழையுமளவுக்கு 20 சென்ரிமீற்றர் அகலத்தில் இருக்கட்டும். உள்ளே 40 சென்ரிமீற்றர் நீளமான சரிவுக் குழாய், நடுவில் முழங்கை போல் ஒரு வளைவோடு. போட்டது சரிந்து விழும், வளைவு மூக்கை மறிக்கும். உயரத்தை மட்டும் நம்பவேண்டாம், புள்ளிமான் பின்னங்காலில் எழும்பி நின்று எட்டும். விளிம்புகளை மழுக்குங்கள். கொம்போ தலையோ சிக்கக்கூடிய இடைவெளி எங்கும் வேண்டாம். பீப்பாயைச் சீமெந்துப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, அடியில் 10 மில்லிமீற்றர் துளைகள் நான்கைந்து இடுங்கள். குப்பை எடுக்கப் பின்பக்கம் கொக்கி போட்ட கதவு வேண்டும். கொக்கியை மான் திறக்காது, தொழிலாளி ஒரு கையால் திறப்பார்.

இவ்வளவும் செய்து தொட்டி நிரம்பி வழிந்தால் பயனில்லை. பின்னேரம், மான்கள் கூடுமுன், ஒருமுறை வெறுமையாக்க வேண்டும். இடமும் முக்கியம்: தின்று முடிக்கும் இடத்துக்கும் போகும் வழிக்கும் நடுவே வையுங்கள், குப்பையோடு திரும்பி நடப்பவர் குறைவு. முதலில் ஒன்றை மட்டும் செய்து, சில பின்னேரங்கள் தூர நின்று பாருங்கள். எங்கள் அளவுகள் தொடக்கத்துக்கு மட்டும். உங்கள் ஆட்களையும் உங்கள் மான்களையும் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

புது வீட்டில் ஒரே போர்டில் 6 சுவிச். விறாந்தை லைட்டைப் போட நினைத்தால் ஃபேன் சுற்றுகிறது. குடிவந்து ஒரு வருடமாகியும் பழகவில்லை. என்னுடைய ஞாபகக் குறைவா?
— வாசகி, லிங்கநகர்

இல்லை. அல்போன்ஸ் சப்பானிஸ், லிண்டன்பாம் என்ற ஆய்வாளர்கள் 1959 இல் நான்கு பர்னர் அடுப்பை வைத்துச் சோதித்தார்கள். பர்னர்களின் வரிசையும் திருகுகளின் வரிசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போன அமைப்பில் பிழையே விழவில்லை. மற்ற அமைப்புகளில் விழுந்துகொண்டே இருந்தது. உங்கள் வயரிங்காரர் கிட்டக் கிடைத்த வயரைக் கிட்டக் கிடந்த சுவிச்சில் பூட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

போர்டுக்கு முன் நின்று பார்த்தால் இடப்பக்கம் தெரியும் லைட்டுக்கு இடது சுவிச், வலப்பக்கத்துக்கு வலது. லைட்டுகள் இடம் வலமாக இல்லாமல் முன்னும் பின்னுமாக இருந்தால், வாசலுக்குக் கிட்ட இருப்பது முதல் சுவிச் என்று ஒரே விதியை வீடு முழுவதும் வையுங்கள். ஃபேன் சுவிச்சுகளை வேகக் கட்டுப்பாட்டுக் குமிழுக்குப் பக்கத்திலேயே தனிக் கூட்டமாக்குங்கள். விறாந்தை லைட்டுக்கு முடிந்தால் தனிப் போர்ட். ஒரே பெட்டிக்குள் வயர்களை இடம் மாற்றும் வேலைதான் இது, சுவர் உடைக்கத் தேவையில்லை. ஆனால் மெயினை நிறுத்திவிட்டு எலக்ரீசியன்தான் செய்ய வேண்டும். அவர் வரும்வரை விறாந்தை சுவிச்சில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள்.

உம்மாவுக்கு 74 வயது. சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை. சில நாள் போட மறக்கிறா, சில நாள் இரண்டு தரம் போடுகிறா. அலாரம் அடிக்கும் ஆப் ஒன்று சொல்லுங்கள்.
— வாசகி, கிண்ணியா

உம்மாவுக்கு இருப்பவை இரண்டு பிரச்சினைகள்: போட மறப்பது ஒன்று, போட்டதை மறப்பது மற்றது. அலாரம் முதலாவதற்கு மட்டும், அதுவும் அரைகுறையாகத்தான் உதவும். அவ குசினியில் நிற்கும்போது அடிக்கும், நிறுத்திவிட்டு "பிறகு போடுவம்" என்பா. இரண்டாவதுதான் ஆபத்து, சீனிக் குளிசையை இரண்டு தரம் போட்டால் சீனி மட்டுமீறிக் குறையலாம்.

வாரத்துக்கு 7 நாள், நாளுக்குக் காலை, இரவு என 14 அறைகள் உள்ள குளிசைப் பெட்டி வாங்குங்கள். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் மூடி நல்லது: அறை வெறுமை என்றால் போட்டாயிற்று. ஞாபகத்தைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரே ஆள் நிரப்பட்டும். இரண்டு பேர் மாறி மாறி நிரப்பினால் இரட்டிப்பு அங்கேயே தொடங்கும். எழுத்து அழிந்துபோகும், ஆகவே காலை வரிசைக்கும் இரவு வரிசைக்கும் வேறு நிறம் தேடுங்கள். பெட்டி அலுமாரிக்குள் போகக்கூடாது. உம்மா தினமும் தவறாமல் தொடும் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு எட்டாத தட்டில், ஏனென்றால் இந்தப் பெட்டிகளைக் குழந்தைகளும் எளிதில் திறப்பார்கள்.

சில குளிசைகளை மட்டையிலிருந்து எடுத்தால் ஈரம் பிடித்துப் பழுதாகும், கடலோர வீட்டில் இன்னும் கெதியாக. எவற்றை எடுக்கலாம் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். எடுக்கக்கூடாததை மட்டையோடு கத்தரித்து அறைக்குள் போடலாம். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பதையும் கேட்டு எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். நோன்பு காலத்தில் இந்த நேர ஒழுங்கு முழுவதும் மாறும். ரமழான் தொடங்க முன்னரே டொக்டரைக் காண வேண்டும், நீங்களாக மாற்றவேண்டாம்.

நிலாவெளியில் சிறிய விடுதி நடத்துகிறேன். இணையத்தளம் செய்பவர், "இப்போது 5 பேர் பார்க்கிறார்கள்", "ஒரு அறைதான் மிச்சம்" என்று எப்போதும் காட்டும்படி போடலாம் என்கிறார். போடலாமா?
— வாசகர், நிலாவெளி

பொய்யென்றால் வேண்டாம். தட்டுப்பாடு என்றால் மனம் பதறும் என்பது உண்மை, அதனால்தான் இந்த உத்தி இருக்கிறது. இப்படி ஏய்க்கும் வடிவங்களுக்கு வடிவமைப்பாளர் ஹரி பிரிக்னல் 2010 இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டார். ஏய்த்து எடுத்த பதிவு ரத்தாகவும் வரும், கோபமான விமர்சனமாகவும் வரும். நான்கைந்து அறை விடுதிக்கு ஒரு விமர்சனமே கனம். உண்மையிலேயே ஒரு அறைதான் மிச்சம் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.

அந்த இடத்தில், பதிவு செய்பவரைத் தயங்க வைக்கும் கேள்விகளுக்குப் பதில் போடுங்கள்: கடலுக்கு எத்தனை நிமிட நடை, சுடுதண்ணி உண்டா, ரத்துச் செய்தால் காசு எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும். படிவத்தில் பெயர், திகதிகள், ஆட்களின் எண்ணிக்கை, தொலைபேசி போதும். திகதியை எழுத விடாமல் நாட்காட்டியில் தொட்டுத் தெரிவுசெய்ய வையுங்கள், மாதத்தைப் பெயராலேயே காட்டுங்கள். 05/06 என்று எழுதினால் உள்ளூர்க்காரருக்கு யூன் 5, அமெரிக்கருக்கு மே 6. இரண்டும் உங்கள் சீசனுக்குள் வருகிற நாட்கள், தவறு வாசலில் ஆள் வந்து நின்ற பிறகுதான் தெரியும்.